பள்ளத்துக்கு இந்தப் பக்கம்

கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் கொடுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெரிந்தவரா, தெரியாதவரா என்று யாரும் பார்ப்பதில்லை. இறங்குகிற இடம் வந்ததும் பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிப் படிக்கட்டு வரை வந்துவிடும். சாப்பாட்டுக் கூடை, பள்ளிக்கூடப் பை, சில நாள் கைக்குழந்தைகூட இப்படி வரும். நாலு வருஷமாக என் மகளையும் அப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எங்கள் ஊர் நிறுத்தம் கீரனூருக்கும் நார்த்தாமலைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. காலையில் அவள் அங்கே திருச்சி பஸ் ஏறுவாள். முதல் மூன்று வருஷம் கல்லூரிக்குப் போனாள். படிப்பு முடிந்ததும், பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஒரு மையத்துக்குப் போய்வந்தாள். சாயங்காலம் ஆறரை வாக்கில் திரும்புவாள். அதே பஸ்ஸில் தினமும் போய்வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு நர்ஸ். வேலை திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வீடு நார்த்தாமலையில். எல்லாருக்கும் அவர் சிஸ்டர். அவருக்கு என் மகள் பாப்பா.

ஒரு நாள் நானும் அவளோடு திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. நாங்கள் ஏறியதுமே பஸ்ஸின் நடுவிலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது.

"தம்பி, எந்திரிப்பா. எங்க பாப்பா வந்துருச்சு, கண்ணு தெரியாத புள்ள."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆள் என் மகளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் போனை மூக்குக்கு நேராகப் பிடித்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கண்ணு தெரியாத புள்ளைங்கிறீங்க. போனெல்லாம் பாக்குது?"

"ஒனக்குந்தான் கண்ணு நல்லாத் தெரியுது. தலைக்கு மேல பெண்கள்னு எழுதியிருக்கே, அது தெரிஞ்சுச்சா?"

பஸ்ஸே சிரித்தது. அந்த ஆளும் சிரித்துக்கொண்டே எழுந்தார். என் மகள் சிரிக்கவில்லை. போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். திருச்சி வரும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

அந்த ஆள் கேட்டதைத் தப்பென்று சொல்ல முடியாது. எங்களுக்கே அது புரிய நாளாயிற்று. அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது வாசலில் கிடந்த வாளியில் இடறி விழுந்தாள். மறுநாள் அதே வாளியில் மறுபடி விழுந்தாள். திமிர் என்று அடித்தேன். அதன் பிறகு மதுரைக்குக் கூட்டிப்போனோம். விழித்திரை ஓரங்களிலிருந்து செத்துக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து கிடையாது என்றார் டாக்டர். ஒரு தாளைக் குழல்போலச் சுருட்டிக் கண்ணில் வைத்துக் காட்டினார். நேரே இருக்கும் எழுத்து தெரியும், காலடியில் இருக்கும் வாளி தெரியாது. வெளிச்சம் குறைந்தால் நேரே இருப்பதும் தெரியாது. குழல் வருஷா வருஷம் இன்னும் ஒடுங்கும்.

"சொந்தத்துல கட்டுனீங்களா?" என்று கேட்டார்.

நான் என் அம்மாவின் தம்பியைக் கட்டியவள். ஆமாம் என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நானும் என் கணவரும் எடுத்ததில்லை.

நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மாற்றுத்திறன் குழந்தைகளை மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. இரண்டு முறை அந்தப் பயிற்சியில் நானே மேடையேறிப் பேசியிருக்கிறேன். குழந்தையின் குறையை மறைக்கக் கூடாது, மறைத்தால் யாரும் உதவ முடியாது என்று பேசினேன். கை தட்டினார்கள். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நியாயமாக இருக்காது.

கம்ப்யூட்டர் மையத்தில் நடைப் பயிற்சிக்கென்று ஒரு ஆசிரியை இருந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நாலாக மடிக்கிற வெள்ளைக் கோலை என் மகள் கையில் முதலில் கொடுத்தவர் அவர்தான். இரண்டு மாதத்தில் அவள் அதை ஒரு உதறலில் விரிக்கப் பழகிவிட்டாள். சாலையின் ஓரம், மண், தார், சாக்கடை மூடி எல்லாவற்றையும் தட்டியே சொன்னாள். நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. அதுவரை அவள் கண்ணைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் கோல் தூரத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடும்.

பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் அது பிடிக்கவில்லை.

"குச்சி எதுக்கு பாப்பா? ஆளுக கணுக்கால்ல இடிக்கவா? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று சிஸ்டர் அதை வாங்கி மேல் தட்டில் வைத்துவிடுவாராம். அதை என் மகள் வீட்டில் சொன்னபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

"அவங்க ரொம்ப நல்லவங்கம்மா. ஆனா நாலு வருசமா அந்தப் பஸ்ஸுக்கு எத்தன படின்னு எனக்குத் தெரியாது. ஒருத்தரும் என் கால தரையில வைக்க விட்டதில்ல" என்றாள்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். பஸ்ஸுக்குள் அவர்கள் இஷ்டம். எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது மட்டும் கோலைக் கேட்டு வாங்கி, கடைசிப் படியிலேயே விரித்துவிடுவாள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் படியோரம் நின்று முழங்கையைத் தாங்கி இறக்கிவிடுவாள். கீழே நான் நிற்பேன். என்னோடு வருவாள், ஆனால் என் கையைப் பிடிக்க மாட்டாள்.

ஐப்பசியில் நிறுத்தத்துக்கு அருகே சிறு பாலம் கட்டுவதற்காகச் சாலையோரம் நீளமாகப் பள்ளம் வெட்டினார்கள். ஆளுயரம் இருக்கும். உள்ளே கம்பி கட்டி, நுனிகள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. மழை பிடித்துக்கொண்டதால் வேலை நின்றுவிட்டது. நாலு மணல் மூட்டைதான் அடையாளம். பஸ் எப்போதும் பள்ளத்தைத் தாண்டி, மெடிக்கல் கடைக்கு நேரே வந்து நிற்கும். அதனால் எங்களுக்கு அந்தப் பள்ளத்தால் தொந்தரவு எதுவும் இருக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு சம்பந்தம் வந்தது. கீரனூர்க்காரர்கள். பையன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், லீவில் வந்திருந்தான். பையனின் சித்தி எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார், அடுத்த தெரு. தரகர் கண்ணைப் பற்றிக் கேட்டபோது என் கணவர் என்னைப் பார்த்தார். "பவர் ஜாஸ்தி. ராத்திரியில கொஞ்சம் மங்கலாத் தெரியும்" என்றேன் நான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் கேட்டாள். "ஒளிச்சு வச்சு எத்தன நாளைக்கும்மா? அவங்க வரட்டும். நானே சொல்லிடுறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா நாங்க பக்குவமாச் சொல்லிக்கிறோம். அவங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் ஊருக்குள்ள அந்த ஸ்டிக்க எடுக்காத. ஒரு வாரந்தான். நாந்தான் தினமும் வந்து நிக்கிறேன்ல."

"பையிலயே வச்சுக்கவா?"

"பையிலயே வச்சுக்க."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாளிலிருந்து கோல் மடித்தபடியே பைக்குள் இருந்தது. படிக்கட்டிலிருந்து அவள் கையை நேராக என் கைக்குக் கொடுத்தார்கள். முதல் நாளும் இரண்டாம் நாளும் சரியாக நடந்தது. எனக்கு அது பழைய நாள் திரும்பியதுபோல இருந்தது.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே தூறல். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. நான் மெடிக்கல் கடை வாசலில், தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். பையனின் சித்தி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மாத்திரை வாங்க வந்தார்.

"டீச்சர், பாப்பாவுக்காகவா நிக்கிறீங்க?"

"இல்லங்க, மழை பெஞ்சுச்சா, சும்மா கொட எடுத்துக்கிட்டு வந்தேன்."

அப்போது பஸ் வந்தது. வழக்கமாக அது நிற்கும் இடத்தில் ஒரு டிப்பர் லாரி பழுதாகி நின்றுகொண்டிருந்தது. அதனால் பஸ் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பள்ளம். நான் ஓடியிருக்க வேண்டும். பள்ளத்தைச் சுற்றிப் போக அரை நிமிஷம் ஆகாது. ஆனால் பக்கத்தில் அந்த அம்மாள் நின்றார். இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவர அம்மா மழையில் ஓடினால் அவர் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் படிக்கட்டில் தெரிந்தாள். கீழே நின்ற ஒரு பெண் அவள் கையைப் பிடித்து இறக்கினார். இறக்கிவிட்டு அந்தப் பெண் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அவள் தனியாக நின்றாள். தோள்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பள்ளத்தைத் தாண்டித்தான் இறங்கியிருக்கிறோம் என்று அவள் நினைத்திருக்கிறாள். தினமும் அப்படித்தானே.

பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பதுபோலச் சாதாரணமாக நான் கூப்பிட்டேன். "இந்தா, இங்கிட்டு வா."

அவள் முகம் நேராக என் பக்கம் திரும்பியது. நடந்தாள்.

பள்ளத்தை நான் மறந்துவிட்டேன் என்று என் கணவரிடம் பிற்பாடு ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. பள்ளம் எனக்குத் தெரிந்தே இருந்தது. கண் தெரிகிற பெண் எப்படி மணல் மூட்டையைச் சுற்றிக்கொண்டு வருவாளோ அப்படி வந்துவிடுவாள் என்று அந்த நேரத்தில் நான் நம்பினேன். மூன்று நாளாக ஊருக்குக் காட்டிவந்த பொய்யை அந்த நிமிஷம் நானே நம்பிவிட்டேன். அவள் நாலைந்து அடி வைத்தாள். நல்ல வேகமாகத்தான் வைத்தாள். அம்மா கூப்பிட்டால் தரை இருக்கும் என்று நினைத்து வைக்கிற அடி.

சத்தம் பெரிதாக இல்லை.

முதலில் இறங்கியவர் அந்தச் சித்திதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் சறுக்கி இறங்கி, என் மகளின் தலையைத் தன் மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டி இடது கண் மேல் அழுத்திக்கொண்டார். நான் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தேன். மெடிக்கல் கடைக்காரரும் லாரி டிரைவரும் தூக்கினார்கள். வேனில் ஏற்றும்போது அவள் பை திறந்து கிடந்தது. யாரோ அதற்குள்ளிருந்து கோலை எடுத்து, "இது என்னது, கொடையா?" என்று கேட்டார்கள்.

கம்பி இடது கண்ணில் ஏறியிருந்தது. புதுக்கோட்டையில் முதலுதவி செய்து திருச்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு கண்ணில் அவளுக்குக் கொஞ்சமாவது நன்றாகத் தெரிந்தது இடது கண்தான். போன் படித்ததும் அந்தக் கண்ணால்தான். அதை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், அசைகிற நிழல் தெரியும். அவ்வளவுதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது வராந்தாவில் அந்தச் சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காய்ந்துபோன ரத்தத்தோடு அதே புடவை.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன். தப்பா நெனக்காதீங்க. பாப்பாவுக்குப் பார்வை சரியில்லைங்கிறது எங்களுக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்தப் பஸ்ஸுல எங்க ஆளுக எத்தன பேரு போறாங்க. குச்சி வச்சு நடக்குறது, கம்ப்யூட்டர் படிக்கிறது, எல்லாந் தெரியும். எங்கக்கா மகன் தெரிஞ்சுதான் பாக்க வாரேன்னான். அவங்களா எப்பச் சொல்றாங்கன்னு பாப்போம்னு எங்கக்காதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

அவர் குரலைத் தாழ்த்தி, "நீங்க கூப்பிட்டத நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றார். சொன்னபடியே இருந்தார். அந்தப் பக்கமிருந்து பிறகு பேச்சு வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் சொல்லாததால் என்னால் பொய் சொல்ல முடிந்தது. நான் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் வந்துவிட்டது என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் வயலையும் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையையும் பார்த்துக்கொள்கிறவர். அன்று கடையில் இருந்தார். நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகு பஸ்காரர்கள் ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. கட்டுப் போட்ட முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த என் மகளுக்கு முன்னால் சிஸ்டரும் ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் சண்டையே போட்டார்கள்.

"ஒன்னைய நம்பித்தானடி படியில நிக்க வச்சேன். எறக்குறப்ப யாரு கையில குடுக்குறோம்னு பாக்க மாட்டியா?"

"நீங்கதான சிஸ்டர் ஜன்னல்ல இருந்து, அம்மா வந்துட்டாங்க, குடு குடுன்னு சொன்னீங்க?"

"பொடவை டீச்சர் கட்டுற கலரா இருந்துச்சு. நான் டீச்சர்னு நெனச்சேன்."

"நானும் அவங்க அம்மான்னுதான் நெனச்சேன். அந்தம்மா கைய நீட்டுனாங்க, நான் குடுத்துட்டேன். குடுத்ததும் அவங்கபாட்டுக்கு மேல ஏறிட்டாங்க. கண்டக்டர் டபுள் விசில் குடுத்துட்டான். நான் என்ன செய்யட்டும்?"

ஏற நின்ற அந்தப் பெண், படியிலிருந்து இறங்க ஒரு கை கொடுத்திருக்கிறார். கை கொடுத்தால் போதும் என்று நினைத்திருக்கிறார். யாரைக் கேட்டாலும் அவள் இன்னொருவர் கையில் இருந்தாள். எல்லாருக்கும் சரியான காரணம் இருந்தது.

"நான் ஒண்ணு கேக்கவா?" என்றாள் என் மகள். இருவரும் நிறுத்தினார்கள். "யாரு விட்டான்னு கேக்குறீங்களே. யாராச்சும் என்கிட்ட, இப்ப பஸ்ஸு வேற எடத்துல நிக்கிது பாப்பான்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சிஸ்டர் அழுதுவிட்டார். "இனிமே விடவே மாட்டோம் பாப்பா. இன்னும் கெட்டியாப் புடிச்சுக்குறோம்" என்றார். என் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஏதாவதொரு கட்டத்தில் அதையே கேட்டார்கள். அந்தக் குச்சியை விரித்திருந்தால் இது நடந்திருக்காதே, ஏன் மடக்கி வைத்தாள்? என் கணவர் எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டார். "கையிலயே வச்சிருந்த சாமான். பையில வச்சுக்கிட்டு வந்து பள்ளத்துல விழுந்திருக்கே. படிச்ச புள்ளதான நீ?" அவள் பதில் சொல்லவில்லை. நான் அடுப்படியிலிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து கொடுத்தேன். அவளும் ஒவ்வொரு முறையும் வாங்கிக் குடித்தாள். நான் தண்ணீர் வேண்டுமா, மாத்திரை போட்டாயா என்று கேட்டால் தலையை மட்டும் அசைப்பாள். அவள் என்னோடு பேசி எத்தனை நாளாகிறது என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஏனென்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தை பிறந்த பிறகு மையத்திலிருந்து அந்த நடைப் பயிற்சி ஆசிரியை போன் செய்தார். ஆறு மாதப் பயிற்சி ஒன்று தொடங்குகிறது, விடுதியிலேயே தங்க வேண்டும், கண்ணை நம்பாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்போம் என்றார். திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். என் மகள் ஸ்பீக்கரில் போட்டு எங்கள் இருவரையும் கேட்க வைத்தாள். போனை வைத்ததும், "நான் போறேன்" என்றாள்.

"போதும். படிச்சது போதும், போனது போதும்" என்றார் என் கணவர். "ஒரு கண்ணு குடுத்தாச்சு. மிச்சத்தையும் குடுத்துட்டு வரப் போறியா? அந்தப் பஸ்ஸுல அத்தன பேரு இருந்தாங்க. அத்தன பேரும் சேந்து ஒன்னைய விட்டுட்டாங்க. இனி யார நம்பி அனுப்பச் சொல்ற?"

அவர் மறுத்ததற்கு இருந்த ஒரே காரணம் அதுதான். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள் என்பது. அதைப் பொய்யென்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருவர் இருந்தோம். வெள்ளி போயிற்று, சனி போயிற்று. நான் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் வீட்டிலேயே இருந்தால் எனக்கும் பயமில்லை என்று மனதின் ஒரு மூலை சொன்னது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிஸ்டர் வந்தார். பயிற்சி விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. "அனுப்பி வைங்கண்ணே. எங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கந்தான் அந்த விடுதி. நான் தெனம் போயிப் பாத்துக்குறேன்" என்றார்.

என் கணவர் அதுவரை அவரிடம் கடுமையாகப் பேசியதில்லை. அன்று பேசினார்.

"பாத்தீங்களே, அன்னைக்குப் பாத்தீங்களே. நாலு வருசம் ஒங்கள நம்பி அனுப்புனோம். ஒரு கைய ஒழுங்காப் புடிக்கத் தெரியல. இதுல ஊசி வேற போடுறீங்க."

சிஸ்டர் எழுந்து நின்றார். "தப்புதாண்ணே. நான் இல்லேங்கல. நாந்தான் குடுன்னு சொன்னேன். எங்க போயி இந்தப் பாவத்தக் கழுவன்னு தெரியல."

என் மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பினாள். நான் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, சுவரைப் பார்த்துத் திரும்பினாள். நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆனால் என்னைத்தான் தேடினாள்.

"மாமா, நான் அங்கதான் நின்னேன்" என்றேன்.

"எங்க?"

"மெடிக்கல் வாசல்ல. பள்ளத்துக்கு இந்தப் பக்கம். பஸ்ஸு வந்தப்ப நான் அங்க இருந்தேன். மாப்பிள்ள சித்தி பக்கத்துல நின்னாங்க. அதுனால போகல. நாந்தான் இங்கிட்டு வான்னு கூப்பிட்டேன். ஸ்டிக்க மடக்கிப் பையில வையின்னு சொன்னதும் நாந்தான்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கட்டில் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அம்மா கொரல் எனக்குத் தெரியாதாப்பா?"

"ஏன் சொல்லல?"

"ஸ்டிக்க ஏன் மடக்குனேன்னு என்னையத்தான கேட்டீங்க. எல்லாரும் என்னையத்தான் கேட்டீங்க. அம்மா பக்கத்துலயே நின்னு காபி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. அவங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

தெருவில் ஒருவன் மீன் கூவிக்கொண்டு போனான். சிஸ்டர் தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். என்னைப் பார்த்து நின்றார்.

"அன்னையிலேருந்து நான் ஒழுங்காத் தூங்கல டீச்சர். நீங்க வந்தவங்களுக்கெல்லாம் காபி குடுத்தீங்க. எனக்கும் குடுத்தீங்க. நான் அழுதுகிட்டே குடிச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் காத்திருக்கவில்லை. கட்டிலருகே போய் என் மகளின் தோளைத் தொட்டு, "நான் வாரேன் பாப்பா" என்றார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

என் கணவர் சாயங்காலம்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே வந்து பரணிலிருந்து பெரிய பையை இறக்கினார். என் மகளின் துணிகளை ஒவ்வொன்றாக அவரே மடித்து வைத்தார். எது எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டாரே தவிர என்னைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேரும் போனோம். விடுதி அலுவலகத்தில் ஒரு பெண் விண்ணப்பத்தை வாசித்து வாசித்து எழுதிக்கொண்டார். பெயர், படிப்பு, மருத்துவச் சான்று. என் மகள் மேஜை விளிம்பில் விரல் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"அவசரம்னா யாருக்குப் போன் பண்ணணும்?"

நான் என் நம்பரின் முதல் இரண்டு எண்ணைச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் வேறொரு நம்பரை மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிட்டாள். அது சிஸ்டருடையது.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"பஸ்ஸுல கூட வர்றவங்க."

எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அம்மா இருக்காங்களே, அவங்க நம்பர்?"

"அது அடுத்தது. மொதல்ல இத எழுதிக்கங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அந்தப் பெண் எழுதினார். கீழே பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். என் கணவர் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனார். நான் போட்டேன்.

திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிஸ்டருக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். அவசரத்துக்குக் கூப்பிட உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறாள் என்று சொன்னேன். வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

"சரி" என்றார். "ரூம்பு நம்பர் என்ன?"

சொன்னேன். எழுதிக்கொண்டார் போலிருந்தது. வேறு ஏதாவது சொல்வார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். வைத்துவிட்டிருந்தார்.